ஒரே தாளில் மழையும் ஆறும்

களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தின் வடகரையை அடுத்து வத்தளை அமைந்துள்ளது. அங்கே வாழ்வோர்க்கு மழை என்பது தம் கூரைமேற் பெய்வது மட்டுமன்று. மலைநாட்டிற் பொழிந்த நீர் கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல ஆகிய இடங்களைக் கடந்து வந்து, வானம் வெளுத்த பின்னரும் வாசலைத் தொடக்கூடும். 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதைக் கொழும்பு மக்கள் எளிதில் மறந்திரார்.

ஆற்றின் மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் பல நிலையங்களில் அளந்து அட்டவணையாக வெளியிடுகிறது. ஆயினும், மேலிடத்து நீர் உச்சத்தை எட்டிய பின் கீழிடத்து நீர் எத்தனை மணி கழித்து உயர்கிறது என்பது எண்களின் வரிசையிற் சட்டெனப் புலப்படாது. வரைபுகளை ஒரே காலக்கோட்டின்மேல் ஒன்றுசேர்த்தாற் கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுநிலத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம்.

இதற்கு உதவும் கணினிக் கருவிகளுள் ஒன்று, பைதன் மொழியில் இயங்கும் மட்பிளொட்லிப் என்னும் வரைபு நூலகம். நூலகம் என்றது வாசிகசாலையை அன்று. எவரும் எடுத்தாளத்தக்கவாறு ஆயத்தமாக எழுதிவைத்த கட்டளைத் தொகுதியை. நரம்பியல் ஆய்வாளரான ஜோன் ஹண்டர், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை ஆராயும் பணியின்போது இதனை உருவாக்கி, 2003இல் வெளியிட்டார். இது இலவசமாகவே கிடைக்கிறது.

இரு கோடுகளை ஒரே சட்டத்தில் ஒன்றன்மேலொன்றாக வரையலாம். இடப்புறம் ஓரளவையும் வலப்புறம் வேறோரளவையும் வைக்கலாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வலப்புற அளவையைச் சற்றே நீட்டினால் வெள்ளம் அடங்கிவிடும். சுருக்கினால் அமைதியான ஆறும் சீறியெழும். களனியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. ஹங்வெல்ல மட்டம் மீற்றரிலும், கொழும்பு நாகலகம் வீதி மட்டம் அடியிலும் குறிக்கப்படுகின்றன. பெருவெள்ள எல்லை முன்னதில் 10 மீற்றர், பின்னதில் 7 அடி. அடியை 0.3048ஆற் பெருக்கினால் 7 அடி ஏறத்தாழ 2.13 மீற்றர் ஆகும். ஹங்வெல்லவில் அவ்வளவு நீர் எச்சரிக்கைக்கே எட்டாது. ஆகவே, அலகை மாற்றினாலும் இரண்டையும் ஒரே அளவையில் ஒப்பிடுதல் தகாது.

கீழ்மேலாக அடுக்குவதே நேர்மையான முறை. மேற்சட்டத்தில் மழை, அடுத்ததில் ஹங்வெல்ல, அடியில் நாகலகம் வீதி. காலம் மட்டும் மூன்றுக்கும் பொது. நிலையந்தோறும் அதற்குரிய வெள்ள எல்லையைக் கிடைக்கோடாக இடவேண்டும். மழைத்தூண்களைத் தலைகீழாகத் தொங்கவிடுவது நீரியலாளரின் வழக்கம். பார்ப்பவர்க்கும் அது மழைபோலவே தோன்றும்.

அளவீடு தவறிய மணிக்குரிய இடத்தை வெற்றாக விட்டால் நூலகம் கோட்டை முறித்தே காட்டும். வரைபு அழகாக இருக்கட்டுமென்று அதனை இணைப்போர் உளர். ஆற்றின் உச்சம் அந்த இரவிலேயே கடந்து போயிருக்கக்கூடும்.