எந்திரம் நடத்தும் தேர்வு



தேர்வு என்னும் சொல் உங்கள் செவிக்கு இனிமையாக இராது என்பதை நான் அறிவேன். பல ஆண்டுகள் தேர்வு நடத்தியே காலங் கழித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். இன்று நான் சொல்ல வந்ததோ மாணவர் எவரும் எழுதாத ஒரு தேர்வைப் பற்றி. அதனை எழுதுவது எந்திரம், நடத்துவதும் எந்திரம், விடைத்தாளைத் திருத்துவதிலும் பெரும்பகுதி எந்திரத்தின் வேலையே. ஆயினும் அத்தேர்வு செம்மையாக நடைபெறாவிட்டால் துன்புறுவோர் மனிதர்கள்.

நான் வாழ்வது சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூரில். இங்குள்ள தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பட்டறைகளில் துளையிட்ட ஓர் உறுப்பைச் செய்து முடித்த தொழிலாளி, கண்ணால் பார்த்து ‘நன்று’ என்று சொல்லிவிடுவதில்லை. ‘கேஜ்’ என்னும் அளவுகருவியைக் கையில் எடுக்கின்றார். அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. இவ்விரண்டும் நிறைவேறினால்தான் அவ்வுறுப்பு பட்டறையை விட்டு வெளியேறும்.

இதே அம்பத்தூரில் இன்று வேறு வகைக் கூடங்களும் எழுந்துள்ளன. அவை தரவு மையங்கள். ஜப்பானைச் சேர்ந்த என்.டி.டி. நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் இங்கு ஒரு தரவு மைய வளாகத்தைத் தொடங்கியது. இத்தகைய மையங்களில் உள்ள கணினிகளை வேண்டும்போது வேண்டிய அளவு வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் முறையையே ‘கிளவுட்’, அதாவது மேகக் கணிமை என்று வழங்குகின்றனர். பெயர்தான் மேகம், பொருளோ தரையில், மின்சாரமும் குளிர்காற்றும் ஊட்டப்பெற்று, அடுக்கடுக்காக நிற்கின்றது. அங்கு ஓடும் மென்பொருளுக்கும் ஒரு கேஜ் வேண்டாவா? வேண்டும். அதனைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதையே இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் தரவுத்தளம் என்பது யாது? பள்ளியில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஊர், எந்த வகுப்பு என்று கேட்டவுடன் எடுத்துச் சொல்வதற்காக அமைந்த ஏடு அது. கணினியில் உள்ள அத்தகைய ஏடே தரவுத்தளம். மாணவர் தொகை மிகுந்தால் ஓர் எழுத்தர் போதமாட்டார். ஏட்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பலரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் வேலை நின்றுவிடாமல் இருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இவ்வாறு பல கணினிகளில் பரந்து கிடந்தும் ஒரே ஏடு போல விடை தருவதைப் பரவல் தரவுத்தளம் என்பர்.

இதன் தேவையை ஒரு கணக்கால் விளக்கலாம். நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறையில், 2025 ஆகஸ்டு மாதம் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. அதனை 31 நாட்களுக்குச் சமமாகப் பங்கிட்டாலும் வினாடிக்கு ஏறத்தாழ 7,500 ஆகின்றது. தேநீர்க் கடையில் நீங்கள் கொடுக்கும் பத்து ரூபாயும் அவற்றுள் ஒன்று. அத்தனையும் வங்கிகளின் ஏடுகளில் தவறாமலும் தாமதமில்லாமலும் பதிவாக வேண்டும்.

கூட்டம் எப்போதும் சமமாக வருவதில்லை. 2021 ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு, பதினெட்டு வயது நிரம்பியோர் அனைவரும் தடுப்பூசிக்குப் பதிவு செய்யலாம் என்று கோவின் தளம் திறக்கப்பட்டது. பெருந்தொற்றின் கொடுமை உச்சத்தில் இருந்த காலம். தொடக்கத்தில் தளம் தடுமாறிப் பின்னர் சீரடைந்தது. அந்நாளில் பதிவு செய்தோர் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அத்தகைய வேளையில் சில நிமிடத் தாமதமும் வீட்டில் நோயாளியை வைத்திருப்பவருக்கு எவ்வளவு பெரிது! ஆகவேதான் கூட்டம் வருவதற்கு முன்பே, செயற்கையாக ஒரு கூட்டத்தை உண்டாக்கி, அமைப்பு தாங்குகின்றதா என்று பார்க்க வேண்டியிருக்கின்றது. அதுவே செயல்திறன் தேர்வு.

இத்தேர்வில் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதும் மதிப்பெண்ணுக்கு உரியது. இங்கே சராசரி நம்மை ஏமாற்றக்கூடும். நூறு பேர் கேட்கின்றனர் என்று கொள்வோம். தொண்ணூற்றொன்பது பேருக்கு 10 மில்லி வினாடியில் விடை வருகின்றது. ஒருவர் மட்டும் இரண்டு வினாடி காத்திருக்கின்றார். சராசரி 30 மில்லி வினாடிதான். அதனைப் பார்ப்பவர் ‘எல்லாம் நலம்’ என்பார். அந்த ஒருவரின் காத்திருப்பு கணக்கில் மறைந்துவிடுகின்றது.

முன்னோர் இதை உணர்ந்தே இருந்தனர். அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே தம் தோழர் பலருடன் சேர்ந்து, ஆசிரியர் பெயரை வெளிப்படுத்தாமல், 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வங்கியில் பணம் போடுவதையும் எடுப்பதையும் மாதிரியாகக் கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேலைகள் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும் என்று அதில் வரையறுத்தனர். 1988-இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பொதுவான அளவு முறைகளை வகுக்க ஓர் அவை அமைத்தன. 2010-இல் யாஹூ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மேகக் கணிமையில் இயங்கும் தரவுத்தளங்களுக்கென ஒரு பொதுத் தேர்வை வெளியிட்டனர். பல்வேறு தரவுத்தளங்கள் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுத இவ்வாறு வழி பிறந்தது.

வினாத்தாள் கிடைத்துவிட்டது. தேர்வை நடத்துவது யார்? மென்பொருளோ நாள்தோறும் மாறுகின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல கணினிகளை வாடகைக்கு எடுத்து, மென்பொருளை நிறுவி, தரவுகளை நிரப்பி, சோதித்து, முடிவுகளைக் குறித்து, கணினிகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். மனிதர் இதனைக் கையால் செய்தால் சலிப்பு வரும்; சலிப்பால் ஒரு படி விடுபடும். மோங்கோடிபி என்னும் தரவுத்தளத்தை ஆக்கும் பொறியாளர்கள் இம்முழுவதையும் எந்திரத்திடமே ஒப்படைத்தனர். அதன் விவரத்தை 2020-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டனர். ஏறத்தாழ இருநூறு சோதனைகளை அந்த அமைப்பு அன்றாடம் நடத்தி வந்தது.

ஆனால் எந்திரம் வந்தவுடன் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. மென்பொருளில் ஓர் எழுத்தும் மாறாதபோதும், இன்று ஒரு விடை, நாளை வேறொரு விடை! வாடகைக் கணினியில் அண்டை வீட்டாரின் ஆரவாரம் போன்ற இடையூறுகள் உண்டு. அளவுகோலே நீண்டும் சுருங்கியும் நின்றால் துணியை எவ்வாறு அளப்பது? ஆகையால் அவர்கள் மென்பொருளைச் சோதிப்பதற்கு முன் சோதிக்கும் முறையையே சோதித்தனர். வாடகைக்கு வரும் கணினிகளில் நல்லவை சில, தீயவை சில என்று பலரும் நம்பியிருந்தனர்; அளந்து பார்த்தபோது அந்நம்பிக்கை நிற்கவில்லை. கணினியோடு ஒட்டியுள்ள வட்டே நிலையான வேகம் தரும் என்று எண்ணியிருந்தனர். வேகத்துக்கு உறுதி பெற்று, வலையமைப்பின் வழியே இணைக்கும் வட்டே நிலையானதென்று கண்டனர். மின்சாரத்தைச் சேமிக்கச் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் தடுத்து வைத்தனர்.

அதன் பின்னரும் ஒரு வினா எஞ்சியது. நேற்றைய அளவைவிட இன்றைய அளவு இத்தனை விழுக்காடு குறைந்தால் எச்சரிக்கை என்று விதி வகுத்தால், பொய்யான எச்சரிக்கைகள் குவிகின்றன. அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியை நாளடைவில் எவரும் பொருட்படுத்தமாட்டார். ஆதலால் ஒரு நாளின் எண்ணை மட்டும் பாராமல், பல நாட்களின் வரிசையை ஒருங்கே பார்த்து, எந்த இடத்தில் போக்கே மாறியது என்று கண்டுபிடிக்கும் புள்ளியியல் முறையைக் கையாண்டனர். ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. ஒரு மாதத் தேர்வில் பத்து மதிப்பெண் குறைந்தால் அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் பையனை அழைத்துப் பேச வேண்டும்.

பயன் யாது? அந்நிறுவனத்தின் 4.2 என்னும் பதிப்பு வெளிவருமுன், வேகத்தைக் குறைத்த பெரிய மாற்றங்களுள் ஒன்று தவிர ஏனைய அனைத்தும் கண்டு திருத்தப்பட்டன. திறனை உயர்த்திய மாற்றங்கள் பதினேழும் புலப்பட்டன. அந்த ஒன்று தப்பியதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருப்பது என் உள்ளத்தைக் கவர்ந்தது. மேலும், எந்திரம் ‘இங்கே பார்’ என்று சுட்டியதே தவிர, காரணத்தைக் கண்டு திருத்தியவர் மனிதரே. சலிப்பு தரும் வேலை எந்திரத்துக்குப் போயிற்று; சிந்தனை நம்மிடம் நின்றது.

மாணவர்களே, இதனைச் செய்து பார்க்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. உங்கள் கல்லூரிக் கணினியில் ஒரு சிறு நிரலை எழுதி, பத்தாயிரம் பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறியுங்கள். அதையே இருபது முறை செய்யுங்கள். இருபது எண்களும் ஒன்றாக இரா. எவ்வளவு வேறுபடுகின்றன, மிகப் பெரிய எண் எது, அப்பொழுது கணினியில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஏட்டில் எழுதி வையுங்கள். அதன் பிறகே நிரலைத் திருத்தி, ‘வேகம் கூடியது’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நாளை நீங்கள் ஆக்கும் அமைப்பின் முன் மருத்துவமனைச் சீட்டுக்கும் தேர்வு முடிவுக்கும் மக்கள் காத்து நிற்பர். நூற்றில் கடைசியாக நிற்கும் அந்த ஒருவரையும் உங்கள் அளவுகோல் காணட்டும்.