கல்லில் இருந்தவர்களும் கதையில் வாழ்பவர்களும்
(வல்லம் வடகாலில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'பொன்னியின் செல்வன்' புதினத்தில் உலவும் மெய்யான மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று பணித்திருக்கிறீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய அந்தக் கதையை அறியாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். ஆகவே கதையை விரிக்கப் போவதில்லை. வரலாற்றில் வாழ்ந்த ஒருவரின் பெயரை எடுத்தாளும் எழுத்தாளனுக்கு அந்தப் பெயரிடம் ஏதேனும் கடன் உண்டா என்ற ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வந்தியத்தேவன். காஞ்சியிலிருந்து ஓலை சுமந்து புறப்பட்ட அந்த வாலிபனைத் தமிழகமே தன் வீட்டுப் பிள்ளையாக எண்ணுகிறது. ஆனால் அவனைப் பற்றி வரலாறு சொல்வது மிகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், இராசராசனின் தமக்கையான குந்தவைப் பிராட்டியார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். மனைவியின் கொடையைச் சொல்லவந்த இடத்தில் கணவனின் பெயர் வருகிறது. அந்தச் சிறு குறிப்பிலிருந்துதான் கல்கி ஒரு குதிரையையும், ஒரு குறும்பையும், ஐந்து பாகங்களுக்கு நீளும் ஒரு பயணத்தையும் படைத்தார். வெறும் பெயராக நின்றவனுக்கு நல்லுயிர் கொடுத்தார். இதில் எவருக்கும் இழப்பில்லை.

குற்றம் சுமத்த வேண்டிய இடத்தில்தான் எழுத்தாளனுக்குச் சோதனை வருகிறது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அதற்குச் சான்று காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு. இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைச் சுட்டுகிறது. அவர்களும் உறவினரும் இழந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. எந்த வீரநாராயண ஏரியின் கரையில் கல்கி தம் கதையைத் தொடங்கினாரோ, அந்த ஏரிக்கு அருகிலேயே இந்தக் கல் இருக்கிறது. ஆனால் கொலைக்குக் காரணம் என்ன, பின்னால் நின்று தூண்டியவர் யார் என்பவற்றைக் கல் சொல்லவில்லை.

கரிகாலனுக்குப் பின் அரியணை ஏறியவர் உத்தம சோழர். ஆகவே அறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அவர்மீது ஐயம் கொண்டார். பின்வந்த ஆய்வாளர் சிலர் அதை மறுத்தனர். கல்கி விரும்பியிருந்தால் அந்த ஐயத்தை அப்படியே கதையாக்கியிருக்கலாம். அவர் வேறு வழி கண்டார். மதுராந்தகன் என்ற ஒரு பெயரை இரண்டு ஆட்களாகப் பிரித்தார். பதவி ஆசை பிடித்தவன் செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறவாதவன் என்றாக்கினார். பூத்தொடுத்துத் தேவாரம் பாடிய சேந்தன் அமுதனே மெய்யான மதுராந்தகன் என்று முடிசூட்டினார். கோயில் கோயிலாகக் கற்றளி எடுத்த அந்த மூதாட்டியின் மகன்மீது பழி விழாமல் காத்தார்.

அந்தக் காப்புக்கு உத்தம சோழர் தகுதியுடையவரே. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, நமக்கு அண்மையிலுள்ள காஞ்சியின் ஊரகப் பெருமாள் கோயிலைப் பற்றியது. அக்கோயிலின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பை நகரத்து நெசவாளர் சேரிகளில் வாழ்ந்தவர்களிடம் அது ஒப்படைக்கிறது. தறி நெய்தவரின் கையில் கோயில் கணக்கைக் கொடுத்த அரசரை வெறும் பேராசைக்காரராகக் காட்டியிருந்தால், அது அநீதியாக முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொலைக்கான சினத்தையும் வஞ்சத்தையும் கல்கி யாரிடம் வைத்தார்? நந்தினியிடம். அவள் முழுக்க முழுக்கக் கற்பனை. அவள் பெயரைச் சொல்லும் கல்லும் இல்லை, செப்பேடும் இல்லை. கொலை நிகழும் வேளையில் விளக்கு அணைந்துவிடுகிறது. கத்தி யாருடைய கையிலிருந்து பாய்ந்தது என்று வாசகன் உறுதியாகச் சொல்ல முடியாது. வரலாறு மௌனமாக இருந்த இடத்தில் கதையாசிரியரும் இருளையே வைத்தார். வரலாறு துரோகி என்றவனைத் துரோகியாகவே விட்டார். எஞ்சிய பழியைக் கற்பனையின் தோளில் ஏற்றினார். இதை ஓர் அறமென்றே நான் கொள்கிறேன்.

ஆயினும் இந்த அறம் ஓரிடத்தில் தளர்ந்தது. பழுவேட்டரையர் என்றதும் நம் மனத்தில் எழுவது நள்ளிரவுச் சதியாலோசனை. மெய்யான பழுவேட்டரையர்கள் அரியலூருக்கு அருகிலுள்ள பழுவூர்ப் பகுதியை ஆண்ட குடியினர். கீழையூரில் அவர்கள் காலத்து அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் இன்றும் நிற்கிறது. அன்பில் செப்பேட்டின்படி, முதலாம் பராந்தகரின் தேவியும் அரிஞ்சயரின் தாயுமானவர் பழுவேட்டரையர் மகளே. அதாவது, சுந்தர சோழருக்கு அது பாட்டியின் பிறந்த வீடு. கதையின் முடிவில் பெரிய பழுவேட்டரையருக்குக் கல்கி பெரும் மாண்பைத் தருகிறார் என்பது உண்மை. ஆனால் வாசகர் நினைவில் தங்குவது சதிதான். ஆயிரம் ஆண்டு உறவைச் சொல்லும் செப்பேட்டை ஆய்வாளர் படிக்கிறார். தொடர்கதையை ஊரே படிக்கிறது. வென்றது கதைதான். நல்ல நாவலின் ஆற்றல் அது. அதனாலேயே அதன் பொறுப்பும் பெரிது.

கவிஞர்களே, இதெல்லாம் அரசர் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். அதே பெரிய கோயிலில் இன்னொரு நெடிய கல்வெட்டு உண்டு. திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருத்தியின் பெயர், வந்த ஊர், குடியேறிய தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை பொறித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். வந்தியத்தேவனைப் பற்றிக் கிடைப்பதைவிட இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் கூடுதலான செய்தி கிடைக்கிறது. ஆனால் ஒரு வந்தியத்தேவனைப்போல இவர்களுள் எவரும் நம் நெஞ்சில் குடியேறவில்லை.

இப்போது இந்த ஊரைப் பாருங்கள். இங்கே, வல்லம் வடகாலில், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. எங்கெங்கோ பிறந்து பணிக்காக இங்கே வந்தவர்கள். அவர்களுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, அறை எண் உண்டு. ஒரு நாள் நம்முள் ஒருவர் அவர்களை எழுதத்தான் போகிறார், எழுத வேண்டும்.

அப்படி எழுதுகிறவர் நினைவில் கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. வந்தியத்தேவன் கல்கியிடம் வந்து வழக்குரைக்க முடியாது. நாம் எழுதப்போகிறவரோ நாளைக் காலை பேருந்து நிறுத்தத்தில் நம் அருகில் நிற்பார். அவருடைய பேச்சின் சுவையை எடுத்துக்கொள்ளுங்கள். நடையை, சிரிப்பை, துணிவை எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு ஒரு பழி தேவைப்பட்டால், அதற்கென ஒரு நந்தினியைப் படைத்துக்கொள்ளுங்கள். வாழ்கிறவரின் முகத்தில் அதை எழுதிவிடாதீர்கள். பழுவேட்டரையருக்காகப் பேச ஒரு கோயிலும் செப்பேடும் எஞ்சியிருக்கின்றன. அறை எண்ணைத் தவிர வேறு பதிவில்லாத ஒரு பெண்ணுக்கு, நாம் எழுதுவதே கல்வெட்டாக நின்றுவிடக் கூடும்.

பத்தாண்டுகள் கவிதையோடும் கதையோடும் கூடிவந்த இந்த வட்டம், இனிவரும் ஆண்டுகளில் இந்த மண்ணின் மெய்யான மனிதர்களைத் தமிழுக்குத் தர வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.