நான்கு நிமிட அண்ணன்

(நம் சங்கத்தின் காலாண்டுச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் இரட்டைக் குழந்தைகளின் தாய் பேசியதன் எழுத்து வடிவம்.)



எங்கள் வீட்டுச் சத்தம் உங்களில் பலருக்குப் பழக்கம்தான். ஒருநாள் கீழ் வீட்டு அக்கா பதறிப்போய் ஓடி வந்து காலிங் பெல் அடித்தார். "ஒன்றும் ஆகவில்லை அக்கா, நீல டம்ளருக்குச் சண்டை" என்றேன். அதே மாதிரி பச்சை டம்ளர் பக்கத்திலேயே இருந்தது. அது வேண்டாமாம்.

எங்கள் பையன்களுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. நான்கு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். அந்த நான்கு நிமிடத்தை வைத்து ஒருவனைப் 'பெரியவன்' ஆக்கிவிட்டோம். பொம்மையோ, ஊஞ்சலோ, என் மடியோ, எதற்குச் சண்டை வந்தாலும் "நீ அண்ணன்தானே, விட்டுக்கொடு" என்போம். அவனும் கொஞ்ச நாள் விட்டுக்கொடுத்தான். பிறகு கடிக்க ஆரம்பித்தான்.

ஒருநாள் தம்பியின் கையில் பல் பதியக் கடித்துவிட்டான். நான் அவனை அடித்தேன். அதன் பிறகு கடியோடு அடியும் சேர்ந்துகொண்டது. கோபம் வந்தால் அடிக்கலாம் என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

அந்த வாரமே லிஃப்டில் ஒருவர் அன்பாகக் கேட்டார்: "இதுல யார் சமத்து, யார் வாலு?" நான் வாயைத் திறக்கும் முன் பெரியவன் தன் நெஞ்சில் கை வைத்து, "நான் வாலு" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

குழந்தை மருத்துவரிடம் பேசினோம். இந்த வயதில் தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் இன்னும் வளரவில்லை, கோபத்தைச் சொல்ல வார்த்தையும் போதாது, அதனால்தான் கையும் பல்லும் முந்துகின்றன என்றார். அதன் பிறகு வீட்டில் சிலவற்றை மாற்றினோம்.

கடித்தால் முதலில் கடிபட்டவனிடம் போகிறோம். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும். கடித்தவனிடம் குனிந்து, கண்ணைப் பார்த்து, "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்கிறோம். அவ்வளவுதான். நீண்ட உபதேசம் அவன் காதில் ஏறாது.

யார் முதலில் எடுத்தது என்ற விசாரணையை விட்டுவிட்டோம். "ரெண்டு பேருக்கும் லாரி வேணும், லாரி ஒண்ணுதான் இருக்கு" என்று நடந்ததைச் சொல்கிறேன். கையில் வைத்திருப்பவன் ஆடி முடிக்கும்வரை மற்றவன் என்னோடு உட்கார்ந்து காத்திருக்கிறான்.

ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருக்கிறோம். அதில் இருப்பதை யாருக்கும் தர வேண்டியதில்லை. ஆச்சரியம், அதன் பிறகுதான் அவர்களாகவே சிலதைக் கொடுக்கிறார்கள்.

பெரும்பாலான சண்டைகள் மாலை ஆறு மணிக்கு வந்தன. பசியும் தூக்கமும்தான் காரணம். இப்போது ஐந்தரைக்கே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுகிறேன். தினமும் அவர்கள் அப்பா ஒருவனை மட்டும் பால் வாங்கக் கூட்டிப்போகிறார், மற்றவன் என்னோடு. மறுநாள் ஆள் மாறும்.

அண்ணன், தம்பி என்று அழைப்பதை நிறுத்தி, இருவரையும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறோம்.

சண்டை நின்றுவிட்டதா? இல்லை. ஆனால் போன வாரம் அவன் கடிக்க வாயைத் திறந்தவன், நின்று, "என்னோடது!" என்று கத்திக்கொண்டே என்னிடம் ஓடி வந்தான். அந்தச் சத்தம் கீழ் வீடுவரை கேட்டிருக்கும், மன்னியுங்கள். எனக்கு அன்று அது நல்ல செய்தி.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். விளையாட்டு இடத்தில் அவர்கள் அடித்துக்கொண்டால் தயங்காமல் விலக்கிவிடுங்கள், 'கெட்ட பையன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். லிஃப்டில் பார்த்தால் யார் சமத்து என்று கேட்காமல் "உன் பேர் என்ன?" என்று கேளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் கத்திச் சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.