3 எம்எம் போதுமா? குளிர் கடலுக்கு வெட்சூட் எடுப்பது எப்படி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் சடையங்குப்பத்துல டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி வந்து பக்கத்துல உட்கார்ந்தான். ஹார்பர்ல டைவர். கப்பல் அடியில ஒட்டுற பாசியையும் சிப்பியையும் சுரண்டுற வேலை. தை மாசம் அதே வேலைக்கு குவைத் போறான். "அண்ணா, என்கிட்ட 3 எம்எம் வெட்சூட் இருக்கு. அங்க பாலைவனம்தானே, போதாதா?"ன்னு கேட்டான்.

போதாது. ஏன்னு சொல்றதுதான் இன்றைய எபிசோட்.

வளைகுடா ரொம்ப ஆழமில்லாத கடல், சராசரி ஆழம் 35 மீட்டர்தான். அதனால சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிர்ந்தும் போகும். கோடையில 32 டிகிரிக்கு மேல போற தண்ணி, ஜனவரி, பிப்ரவரியில குவைத் பக்கம் 15, 16 டிகிரிக்கு இறங்கிடும். நம்ம கடல் அந்த மாசத்துலயும் 25, 26 டிகிரியில இருக்கும்.

நானும் ஒரு காலத்துல அப்படித்தான் போனேன். இரவல் வாங்கின 5 எம்எம் சூட், என் உடம்புக்கு ரெண்டு சைஸ் பெரிசு. 'தடிமனா இருக்கு, போதும்'னு நினைச்சேன். ரெண்டாவது முறை முங்கி கொஞ்ச நேரத்துல, இடுப்புல கட்டியிருந்த கயிறு முடிச்சை அவிழ்க்க விரல் மடங்கல. கூட வந்தவர் கையைக் காட்டி 'சரியா இருக்கியா'ன்னு கேட்டார். நான் 'ஓகே'ன்னு கை காட்டினேன். எண்ணூர் ஆத்துல வளர்ந்தவன் குளிருதுன்னு சொல்றதான்னு ஒரு வீம்பு. அவர் என் கையைப் பார்த்துட்டு மேல இழுத்துட்டு வந்தார். படகுல என் ஜிப்பை என்னாலயே இறக்க முடியல. பேச்சு குளறுச்சு. அவர் என் 'ஓகே'வை நம்பியிருந்தா இன்னைக்கு இந்த எபிசோட் இல்லை.

தண்ணி நம்ம சூட்டைக் காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உறிஞ்சிடும். எண்ணூர் கழிமுகத்துல பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு கையால தடவி இறால் புடிக்கிறவங்களைக் கேளுங்க. அந்தத் தண்ணி ஐஸ் இல்லை. ஆனாலும் மணிக்கணக்கா நின்னா மார்கழியில பல் கிட்டிக்கும். ஏன்னா உடம்பு 37 டிகிரி.

சரி, வெட்சூட் எப்படி வேலை செய்யுது? நனையாம காப்பாத்துதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை, அது நனையும். நியோப்ரீன் ரப்பருக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வாயுக் குமிழிகள்தான் சூட்டைத் தடுக்குது. 1952ல் இதை யோசிச்சவர் ஹியூ பிராட்னர்னு ஒரு அமெரிக்க இயற்பியல் விஞ்ஞானி. உள்ள வர்ற தண்ணி மெல்லிசாத் தங்கி, நம்ம சூட்டுல வெதுவெதுப்பாகிடும். சூட் தொளதொளன்னு இருந்தா ஒவ்வொரு அசைவுக்கும் அந்தத் தண்ணி வெளிய போய் புதுத் தண்ணி உள்ள வரும். எனக்கு நடந்தது அதுதான். அதனால முதல்ல அளவு, அப்புறம்தான் தடிமன்.

போட்டுப் பார்க்கும்போது அக்குள், முதுகுக் குழி, கவட்டை, கழுத்து, இந்த நாலு இடத்துலயும் இடைவெளி இருக்கக் கூடாது. கையைத் தூக்குங்க, குந்தி உட்காருங்க, மூச்சை முழுசா இழுங்க. போடுறதுக்குக் கஷ்டமா இருந்தா நல்லதுதான். ஆனா கழுத்தை நெரிச்சா வேண்டாம், மயக்கம் வரலாம். தையலையும் பாருங்க: பசை வச்சு ஒட்டி, ஊசி மறுபக்கம் துளைக்காம தைச்சதா இருக்கணும். பழைய சூட்னா விரலால அழுத்துங்க. பள்ளம் எழும்பலைன்னா குமிழி செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

தடிமனுக்கு ஒரு தோராயக் கணக்கு: 27 டிகிரிக்கு மேல 3 எம்எம். 21லிருந்து 26 வரை 5. 15லிருந்து 20 வரை 7, கூடவே தலைக்கு ஹூட், கையுறை, காலுக்கு பூட். 10லிருந்து 15 வரை செமி டிரை சூட். அதுக்குக் கீழே, தண்ணியே உள்ள வராத டிரை சூட்தான், அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். ஒரே இடத்துல நின்னு ரொம்ப நேரம் வேலை பார்க்கிறவங்க ஒரு படி தடிமனா எடுங்க.

இன்னொண்ணு. 10 மீட்டர் இறங்கினா அழுத்தம் ரெட்டிப்பாகும், குமிழி பாதியாச் சுருங்கும். கடையில 7 எம்எம்மா இருந்தது கீழே அப்படி இருக்காது. மேல மிதக்க வைக்கும், கீழே போனா அந்த மிதப்பும் குறையும். அதனால புது சூட் போட்டா பெல்ட்ல எத்தனை ஈயக் கட்டின்னு ஆழமில்லாத இடத்துல திரும்பவும் சோதிச்சுக்குங்க.

"பழகிட்டா குளிராது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம். தென் கொரியாவுல ஜேஜு தீவுல ஹேன்யோன்னு முங்கிச் சிப்பி எடுக்கிற பெண்கள் இருக்காங்க. ஒரு காலத்துல பருத்தித் துணியோட பனிக்காலத்துலயும் முங்கினாங்க. அவங்க உடம்பு நிஜமாவே குளிருக்குப் பழகியிருந்ததை 1960கள்ல விஞ்ஞானிகள் அளந்தே காட்டினாங்க. 1970கள்ல ரப்பர் சூட் வந்தது. சில வருஷத்துல அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போயிடுச்சு. ஆனா தண்ணியில நிக்கிற நேரம் பல மடங்கு கூடுச்சு. உலகத்துலயே குளிருக்குப் பழகினவங்களே சூட் போட்டுக்கிட்டாங்க. நமக்கு என்ன வீம்பு?

நம்ம ஊருக்குன்னு ஒரு எச்சரிக்கை. பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரி எண்ணெயும் கழிவும் கலக்கிற தண்ணிக்கு வெட்சூட் பாதுகாப்பு இல்லை. உள்ள வர்ற தண்ணி தோலோட ஒட்டியே நிக்கும்.

நடுங்க ஆரம்பிச்சா மேல வாங்க. விரல் சொன்ன பேச்சு கேட்கலைன்னா ஏற்கனவே நேரமாயிடுச்சு. சூடாகாமலே நடுக்கம் நின்னா அது ஆபத்து.

அந்தத் தம்பிகிட்ட 7 எம்எம், ஹூட், கையுறைன்னு எழுதிக் கொடுத்தேன். கடைசியா ஒண்ணு சொன்னேன்: "குளிருச்சுன்னா 'ஓகே'ன்னு கை காட்டாதே." உங்களுக்கும் அதேதான்.