இருப்புக் கணக்கில் ரேடியோ அலை

ஐதராபாத் காஞ்சன்பாக்கில் உள்ள மிஸ்ர தாது நிகம், 1973-ல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமாகும். டைட்டானியக் கலவை, மாரேஜிங் எஃகு முதலியன அங்கு உருவாகின்றன. கலப்பில் வேறுபட்ட இரு தண்டுகள் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றலாம். இடம் மாறினால் விளைவு விபரீதமாகும். எனவே, இத்தகைய ஆலைகளில் இருப்புக் கணக்கு என்பது வெறும் எண்ணிக்கை அன்று. அடையாளத்தைக் காப்பதும் ஆகும்.

இதற்கு உதவக்கூடியது ரேடியோ அலை அடையாளச் சில்லு. சுங்கச்சாவடிகளில் பயன்படும் ஃபாஸ்டேக் இவ்வகையே. படிப்பான் அனுப்பும் அலையிலிருந்தே மின்சக்தி பெற்று, சில்லு தன் எண்ணைத் தெரிவிக்கிறது. இதற்குரிய 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, குறைந்த திறன் கருவிகளின் பொருட்டு, 2005-ல் உரிம விலக்கு அளிக்கப்பட்டது.

உலோகம் அலையைத் திருப்பிவிடுமாதலால், அடியில் காப்பு அடுக்குடைய தனிவகைச் சில்லு தேவை. சாதாரணச் சில்லு உலை வெப்பத்தைத் தாங்காது. கழற்றி மீண்டும் பொருத்துகையில் கை தவறினால், தவறான அடையாளமே சரியெனக் கணக்கில் பதியும். ஆகவே, ஆய்வுக்கூடச் சோதனையும் நேரடிச் சரிபார்ப்பும் கைவிடத்தக்கன அல்ல.