குடித்த நீருக்குக் கடன்



பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்த நாம் குழாயைத் திறந்து பருகுவது காவிரி நீர். 1974-இல் இந்நகரை அடைந்த அந்நீரை வாழ்த்தும் நாம், அதில் வாழும் மகசீர்க் கெண்டையை நினைத்ததுண்டா?

முதுகு திமில்போல் உயர்ந்த இம்மீன் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்குமே உரியது. 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்றின் எடை 120 பவுண்டு! அவ்வினமே 2018-இல் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது.

அணைகள் வழிமறித்தன; மணலை அள்ளினர்; வெடிவைத்து மீனைக் கொன்றனர். நல்லெண்ணமும் தீங்கிழைத்தது. 1970-களிலிருந்து வேற்றாற்று நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டனர். வந்தது பெருகிற்று, இருந்தது அருகிற்று. வந்து குடியேறிய நாம் வந்த மீனைப் பழிக்கலாமா? குற்றம் மீனதன்று, ஆராயாது விட்டோரது.

மீனைக் காப்பது மீனுக்காக மட்டுமன்று. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றினர். சால்மன் மீன்கள் மீண்டும் மேலேறின. கடலில் சால்மனை நம்பி வாழும் ஓர்க்காத் திமிங்கிலங்களுக்கும் அது நற்செய்தி. நம் காவிரி நீர்நாய்களுக்கும் மீனே உணவு.

முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடும் மோயாற்றில் திமில் மகசீர் இன்றும் வாழ்கிறது. ஒரு கரை தமிழகம், மறுகரை கர்நாடகம். நீருக்காக வழக்காடிய இரு கரையாரும் மீனுக்காகக் கைகோக்கலாகாதா? இரு மொழியும் அறிந்த நாமே அதற்குப் பாலமாவோம். இவ்வாற்றின் மீனையே இவ்வாற்றில் வளர்க்குமாறு இரு அரசுகளையும் வேண்டுவோம்.