வழக்கு முடிந்தாலும் உடல் மறப்பதில்லை



வாச்சாத்தி நமக்கெல்லாம் தெரியும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். மொத்தம் 31 ஆண்டுகள். இத்தனை காலம் அந்த உடல்கள் எதையெல்லாம் சுமந்திருக்கும் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்று மருத்துவம் ஒன்றைச் சொல்கிறது. கெட்ட கனவு, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் பதறுவது, நடந்ததை நினைவூட்டும் இடங்களுக்குப் போகாமல் ஒதுங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். இதை மனம் சார்ந்தது என்று மட்டும் நினைக்கிறோம். ஆபத்து வந்தால் யாருக்கும் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆபத்து விலகினால் அடங்கிவிடும். இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது எளிதில் அடங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி இருந்தால் இதயமும் ரத்தக்குழாய்களும் பழுதாகின்றன.

அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பெண் செவிலியர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதிர்ச்சிக்கு உள்ளாகி, நான்கோ அதற்கு மேலோ அறிகுறிகள் இருந்த பெண்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு, அதிர்ச்சியே நேராத பெண்களைவிட 60 விழுக்காடு கூடுதல். புகைபிடித்தல், உடல் பருமன் போன்ற காரணங்கள் இதில் பாதியைத்தான் விளக்கின. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பவர்கள்.

நம் ஊர் தலித் பெண் கூலித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு ‘பிந்தைய’ என்று ஒரு காலமே கிடையாது. தன்னைச் சிதைத்தவன் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். ஜாமீனில் வந்தவன் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறான். சமாதானம் பேச ஆள் வருகிறது. நெஞ்சு படபடக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தீருதவிக்கு அட்டவணை இருக்கிறது. உடனடி மருத்துவ உதவிக்கு விதி இருக்கிறது. 2015-இல் சேர்த்த 15ஏ பிரிவு, வழக்கு நடக்கும் காலத்திலும் மறுவாழ்வு பெறுவதை உரிமை என்கிறது. அந்த மறுவாழ்வுக்குள் மனநல சிகிச்சையும், ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பரிசோதனையும் வர வேண்டும். அதுவும் அரசு செலவில், தீர்ப்புக்குப் பிறகும் தொடர வேண்டும்.

சிகிச்சை கொடுத்துவிட்டோம் என்று தண்டனையைத் தள்ளிப்போட விடக்கூடாது. குற்றவாளி வெளியே திரியும்வரை எந்த மாத்திரையும் முழுதாக வேலை செய்யாது.

கள ஆய்வுக்குப் போகும் இளம் தோழர்களுக்கு ஒன்று. செல்போனை நீட்டி, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். “தூக்கம் வருதாம்மா? பிரஷர் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூடப் போய் வாருங்கள். அதுவும் இயக்க வேலைதான்.